பிணை

என் புத்தகத்தின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
பிணை என்றால்
பிறர் உழைப்பில் வரும் இலாபத்தை நம்பி
ஒருவர் கொடுத்த காசுக்கு
இன்னொருவர் கொடுக்கும் தாள்.
அடிக்குறிப்புகள் ஒன்பது.
பெண்மானுக்கும் அதுதான் பெயர் என்பது
ஒன்பதிலும் இல்லை.

திருகோணமலையில் பிறந்தவளுக்கு இது வெட்கம்தான்.
பஸ் நிலையத்துக்குள்ளேயே புள்ளிமான்கள் நின்று
வாழைப்பழத்தோல் தின்னும் ஊர்.
நான் பார்த்ததெல்லாம் துறைமுகம்.
பதினேழு வயதில்
சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளைக் காட்டி
"இதெல்லாம் ஆருடையது?" என்று கேட்டேன்.
கிட்டங்கியில் கணக்கெழுதிய அப்பா
"அது கேக்கக்கூடாத கேள்வி" என்றார்.
அதைத்தான் பிறகு முப்பத்தொரு வருடம்
சம்பளத்துக்குக் கேட்டேன்.

கொழும்பில் முதல் விரிவுரை, கப்பற் சரக்குச் சீட்டு.
சரக்கு நடுக்கடலில் மிதக்கும்,
உரிமை கரையில் மூன்று கை மாறும் என்றேன்.
"கப்பல் தாண்டு போனால், மிஸ்?"
பின்வாங்கிலிருந்து ஒரு பெடியன்.
காப்புறுதி அடுத்த தவணை என்றேன்.
சிரித்தார்கள். எனக்கு அந்தத் தொழில் பிடித்துப்போனது.

ஊரடங்கு நீங்கிய இரண்டு மணித்தியாலத்துக்குள்
பங்குகள் என்ன விலைக்குக் கைமாறின என்று
ஒரு கட்டுரை எழுதினேன். லண்டனில் அச்சானது.
ஊரைப்பற்றி எழுதவில்லை.

பிறகு குழுக்கள். குளிரூட்டிய அறைகள். மரக்கறிப் பற்றிஸ்.
வைப்பு வாங்கும் நிறுவனங்களுக்கான விதிகள்
என் மேசையில் பிறந்தன.
பதினான்காம் பிரிவில் ஒரு விலக்கு:
உறுப்பினருக்கு மட்டும் வழங்கும் பத்திரங்கள் தவிர.
சின்னக் கூட்டுறவுச் சங்கங்களைப்
பெரிய சட்டம் மிதித்துவிடக் கூடாதென்று வைத்தது.
அந்தக் கோப்பிலேயே
இரக்கத்தில் எழுதிய ஒரே வரி.

போன வெள்ளி, உட்துறைமுக வீதி மண்டபத்தில்
முதலீட்டாளர் பாதுகாப்புப் பற்றிப் பேசினேன்.
பாதுகாப்பு என்றதும் முன்வரிசை சற்று அசைந்தது.
இந்த ஊரில் அந்தச் சொல்
முட்கம்பியோடுதான் வந்து பழக்கம்.

கிண்ணியா மீன்வாடி நசுருதீன் எழும்பினார்.
பொலித்தீன் உறைக்குள் ஒரு பத்திரம்.
நீலத்திரை முதலீடு. ஐந்து இலட்சம்.
"நூறு ரூவா வாங்கி மெம்பராக்கினாங்க, மெடம்.
மெம்பருக்கெண்டா சட்டமே இல்லயாம்.
எந்த மடையன் எழுதினானோ."

மைக் என் கையில்தான் இருந்தது.
"அந்தப் பிரிவு மறுபரிசீலிக்கப்பட வேண்டும்" என்றேன்.
செய்தவர் பெயர் வராத வசனம்.
மாணவர் தாள்களில்
சிவப்பு மையால் நான் வெட்டிக்கொண்டே இருந்த வசனம்.

தேநீருக்குப் பிறகு வெளியே
அவர் மோட்டார்சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்.
"அந்த மடையன் நான்தான்."
இயந்திரத்தை நிறுத்தினார்.
என் செருப்பைப் பார்த்தார், பிறகு முகத்தை.
"காசு வருமா?"
கம்பனியைக் கலைத்து விற்றால், பல வருடம் கழித்து,
ரூபாய்க்கு ஆறு சதம் வரலாம் என்றேன்.
"அதுக்கு என்ன பேர்?"
பங்கிலாபம்.
அதற்கும் சட்டத்தில் அதே பேர்தான்.
அவர் சிரித்த சிரிப்புக்கு
என்னிடம் வரைவிலக்கணம் இல்லை.

மதிலோரம் ஒரு பெண்மான்
நீலத்திரையின் வண்ணத் துண்டுப்பிரசுரம் ஒன்றைத்
தின்றுகொண்டிருந்தது.
பிளாஸ்டிக் பூச்சு, வயிற்றுக்கு ஆகாது.
இழுத்தேன்.
பாதி என் கையில் வந்தது.
வட்டிவீதம் உள்ள பாதி உள்ளே போய்விட்டது.
எச்சில் ஈரத்தோடு கைப்பைக்குள் வைத்தேன்,
ஏனென்று தெரியவில்லை.

இரவு ரயிலில்
ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் தொடங்கினேன்.
நான், என்று.
கந்தளாய் தாண்டும்வரை
அடுத்த சொல் வரவில்லை.